ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மி.கி.: எழுதும்போது வந்த தவறா?

கேள்வி: ஜனவரி 9
தம்பிக்கு 23 வயது. ஆறு வருடமாக வால்புரோயேட் 500, காலை ஒன்று, இரவு ஒன்று. நடுவில் ஒன்றரை வருடம் நிம்மதியாக இருந்தோம். இப்போது மூன்று மாதத்துக்குள் இரண்டு தடவை வலிப்பு. பழைய மாத்திரையோடு லாமோட்ரிஜின் சேர்த்திருக்கிறார் டாக்டர். சீட்டில் “25 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள், 2 வாரம்” என்று இருக்கிறது. மருந்துக்கடையில், “இது தினமும் போடுற மாத்திரைதான், எழுதும்போது தப்பாகியிருக்கும்” என்கிறார்கள். வலிப்பு வந்துகொண்டிருக்கும்போது இப்படித் துளித்துளியாகக் கொடுத்து என்ன பிரயோசனம்? நாங்களே தினமும் கொடுத்துவிடலாமா?

ஜனவரி 9, இரவு
கொடுக்காதீர்கள். தப்பாக எழுதவில்லை. வால்புரோயேட் சாப்பிடுகிற பெரியவருக்கு லாமோட்ரிஜின் தொடங்குகிற அளவே அதுதான். முதல் 2 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் 25, அடுத்த 2 வாரம் தினமும் 25, அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 25 அல்லது 50 கூட்டுவார்கள். என் சீட்டிலும் இதேதான் இருந்தது. நானும் டாக்டருக்குக் கை தவறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காரணம் இதுதான். லாமோட்ரிஜினை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரல். அந்த வேலையை வால்புரோயேட் தடுக்கிறது. வாசலில் ஒருவர் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், உள்ளே போனவர் வெளியே வர முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சாப்பிட்டால் லாமோட்ரிஜினில் பாதி ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் போய்விடும். கூட வால்புரோயேட் இருந்தால் அதே பாதி போக இரண்டரை நாளோ மூன்று நாளோ ஆகும். ஆகவே உங்கள் தம்பிக்கு ஒருநாள் விட்டுக் கொடுப்பது, வேறு மாத்திரை எதுவும் இல்லாதவருக்குத் தினமும் கொடுப்பதற்குச் சமம். நீங்கள் தினமும் கொடுத்தால் அவர் உடம்பில் இரட்டிப்பாக ஏறும். இந்த மருந்தை வேகமாக ஏற்றினால் தோலில் தடிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது, அதில் சிலது உயிருக்கே ஆபத்து.

புது மாத்திரையின் அளவு அந்த மாத்திரையின் அட்டையில் இல்லை. ஏற்கெனவே எதைச் சாப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. கடைக்காரர் புது மாத்திரையை மட்டும் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

ஜனவரி 10
“ஒருநாள் விட்டு ஒருநாள்” என்பதை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஒற்றைப்படைத் தேதியில் சாப்பிடுவது என்று முடிவெடுத்தேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். 27, 29, 31 என்று அழகாகப் போனது. மறுநாள் ஒன்றாம் தேதி. அதுவும் ஒற்றைப்படை. விழுங்கித் தண்ணீரும் குடித்த பிறகுதான் உறைத்தது.

டாக்டருக்குப் போன் செய்தேன். அடுத்த இரண்டு நாள் விட்டுவிட்டு அப்புறம் வழக்கம்போலத் தொடரச் சொன்னார். அது எனக்குச் சொன்னது. உங்களுக்கு அப்படி ஆனால் உங்கள் டாக்டரைக் கேளுங்கள். அன்றிலிருந்து மாத்திரை அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு குமிழுக்கும் நேராகத் தேதியைப் பேனாவால் எழுதிவிடுகிறேன். குமிழ் காலியானால் சாப்பிட்டாயிற்று. தனியாகச் செயலி, அலாரம் எதுவும் வேண்டாம்.

ஜனவரி 12
ஒரு திருத்தம். முதல் குறிப்பைப் படித்த ஒரு தாயார், “என் மகளுக்கு எடுத்தவுடனே தினமும் 50 கொடுத்தார்களே, அப்போது அது தவறா?” என்று கேட்டிருக்கிறார். தவறில்லை. நான் என் கதையை மட்டும் சொன்னதால் வந்த குழப்பம். அவர் மகள் சாப்பிடுவது கார்பமாசெபைன் என்ற இன்னொரு வலிப்பு மருந்து. அது வால்புரோயேட்டுக்கு நேர் எதிர். கல்லீரலை விரட்டி வேலை வாங்கும், லாமோட்ரிஜின் சீக்கிரமே வெளியேறிவிடும். ஃபெனிட்டாயினும் ஃபீனோபார்பிடாலும் அந்தக் கட்சிதான். அவற்றோடு சேர்த்தால் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 2 வாரம் தினமும் 50, அடுத்த 2 வாரம் தினமும் 100, இரண்டாகப் பிரித்து. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்றால் தினமும் 25, பிறகு 50. சின்னக் குழந்தைகளுக்கு எடையை வைத்துக் கணக்கு, அது முற்றிலும் வேறு.

ஒரே மாத்திரைக்கு மூன்று ஏணி. பக்கத்து வீட்டுக்காரரின் ஏணியில் ஏறாதீர்கள். என் ஏணியிலும்தான்.

ஜனவரி 24
தடிப்பைப் பற்றி முதல் நாள் ஒரு வரியில் முடித்துவிட்டேன். போதாது என்று மனதில் உறுத்துகிறது.

எனக்குப் பதினேழாம் நாள் இடது மணிக்கட்டுக்கு மேலே சிவந்தது. காலையில் ஒரு நாணயம் அளவு. பால்பாயின்ட் பேனாவால் சுற்றிக் கோடு போட்டேன். மதியத்துக்குள் சிவப்பு கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை வந்துவிட்டது. அன்றைக்கே போனேன். டாக்டர் கையைப் பார்த்தது கடைசியில்தான். முதலில் வாயைத் திறக்கச் சொல்லி உதட்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பார்த்தார், கண் சிவந்திருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்த்தார், கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்தினார், காய்ச்சல் பார்த்தார். பிறகுதான், “வாட்ச் எப்போது வாங்கினீர்கள்?” என்று கேட்டார். அந்த வாரம் வாங்கியது. பட்டையின் ரப்பர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வீட்டில் இதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறார்கள். ஆனால் அன்றைக்குப் போனது சரியே. லாமோட்ரிஜின் தடிப்பில் மோசமானவை பெரும்பாலும் முதல் 2 முதல் 8 வாரத்துக்குள் வரும். எது வாட்ச் பட்டை, எது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் என்ற, உயிருக்கே ஆபத்தான தோல் பாதிப்பு என்று கண்ணாடி முன்னால் நின்று நாமே தீர்மானிக்க முடியாது. தடிப்போடு காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சல், முக வீக்கம், தோல் கொப்புளித்து உரிவது, இதில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவு. அந்த முதல் இரண்டு மாதம் புது சோப்பு, புது வாட்ச் எதையும் தொடாமல் இருந்தால் குழப்பமாவது குறையும்.

பிப்ரவரி 6
“எதற்கு இத்தனை தொல்லை, லெவெடிராசெட்டாம் கொடுத்தால் மற்ற மாத்திரைகளோடு சண்டை போடாதே” என்று ஒருவர். உண்மைதான். அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகப் போய்விடுகிறது, கல்லீரல் வாசலில் யாரோடும் இடிப்பதில்லை. மெதுமெதுவாக ஏற்ற வேண்டிய கட்டாயமும் இவ்வளவு இல்லை.

மற்ற மாத்திரைகளோடு சண்டை போடவில்லை. வீட்டில் இருப்பவர்களோடு போட்டது. லாமோட்ரிஜினுக்கு முன்னால் எனக்குச் சேர்த்தது அதைத்தான். மூன்று மாதம் சாப்பிட்டேன், வலிப்பும் குறைந்தது. நான் நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எல்லோரும் திடீரென்று மந்தமாகிவிட்டார்கள், அவ்வளவுதான். மனைவி ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். “கதவை அறைந்தார்.” “பேனா மூடி காணவில்லை, ஒரு மணி நேரம் கத்தல்.” “மகன் கணக்கில் தப்பு, நோட்டைத் தூக்கி எறிந்தார்.” டாக்டர் அறையில் அதை எடுத்து வாசித்தபோது எனக்கு வாய் அடைத்துப்போனது. அதில் பாதி எனக்கு நினைவே இல்லை.

அந்த மருந்தால் கோபமும் மனச்சோர்வும் வருவது அறிந்த விஷயம். எல்லோருக்கும் வராது. எத்தனையோ பேர் சுகமாகச் சாப்பிடுகிறார்கள். வந்தால் நமக்கு முன்னால் கூட இருப்பவருக்குத்தான் தெரியும். அதனால் எந்தக் கூட்டு மாத்திரை தொடங்கினாலும் முதல் இரண்டு மூன்று மாதம் நோட்டு அவர்கள் கையில் இருக்கட்டும். எந்த வலிப்பு மருந்தாக இருந்தாலும், சாக வேண்டும் என்கிற மாதிரி எண்ணம் தலைகாட்டினால் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்கக் கூடாது.

பிப்ரவரி 7
மேலே சொன்னதைப் படித்துவிட்டு யாராவது இன்றைக்கே லெவெடிராசெட்டாமை நிறுத்திவிடப் போகிறீர்கள். வேண்டாம். சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். எனக்கும் படிப்படியாகக் குறைத்துத்தான் எடுத்தார்கள்.

பிப்ரவரி 20
“இரண்டாவது மாத்திரை வந்துவிட்டால் அவ்வளவுதான், இனி தீராது” என்று உங்கள் உறவினர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தம்பி காதில் அது விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2000-இல் குவான், பிரோடி என்ற இருவர் கிளாஸ்கோவில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. அதுவரை மருந்தே சாப்பிடாத 470 பேரில் 222 பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றது. இன்னும் 67 பேருக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது மருந்தில். இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்து நின்றவர்கள் 12 பேர். முதலில் நான் இதை நல்ல செய்தியாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுதும்போதே சுருதி இறங்குகிறது. 12 என்பது சின்ன எண்.

அதை இப்படிப் பார்க்கிறேன். கூட்டு மருந்து முயற்சி செய்யத் தகுந்ததே. ஆனால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வருடக்கணக்கில் அடுக்கிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. பொருத்தமான இரண்டு மருந்தைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்கவில்லை என்றால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று சர்வதேச வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2010-இல் வரையறுத்தது. அப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. நோய் உண்மையிலேயே இந்த வகைதானா, அறுவை சிகிச்சைக்கு வழி உண்டா? மூளையின் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்புக்கு 2001-இல் ஒரு சோதனை வந்தது. 80 பேர். ஒரு வருட முடிவில், பிரக்ஞை தவறும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவை சிகிச்சைப் பிரிவில் 58 சதவீதம், மாத்திரைப் பிரிவில் 8 சதவீதம். எனக்கு இருக்கிற வகைக்கு அது பொருந்தாது. சிலருக்குப் பொருந்தும், அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

மார்ச் 3
கொஞ்சம் வழிவிலகல். வால்புரோயேட் வலிப்பு மருந்தானதே ஒரு விபத்து, தெரியுமா? 1882-இல் தயாரித்த பொருள். எண்பது வருடம் அது வெறும் கரைப்பான். 1963-இல் பிரான்சில் வேறு சில மருந்துகளைச் சோதிக்க அதில் கரைத்துக் கொடுத்தார்கள். எந்த மருந்தைக் கரைத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு அடங்கியது. அப்புறம்தான் வேலை செய்வது மருந்துகள் இல்லை, கரைப்பான் என்று புரிந்தது. கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பாராட்டிக்கொண்டிருக்க, வேலை முழுவதையும் செய்தது சமையல்காரர் என்பது போல. இருபத்தாறு வருடமாக அந்தச் சமையல்காரரைத்தான் நான் விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 19
தம்பிக்கு 50-வரை ஏறியாயிற்று, வலிப்பு இல்லை என்பது சந்தோஷம். ஆனால் பயணத்தில் பையைத் தவறவிட்டு லாமோட்ரிஜின் மட்டும் ஆறு நாள் சாப்பிடவில்லை, இன்று கையில் கிடைத்துவிட்டது, 50-ஐத் தொடரலாமா என்கிறீர்கள்.

முதலில் போன், பிறகு மாத்திரை. ஒரு வேளை தவறுவது வேறு, நாள்கணக்கில் தவறுவது வேறு. மருந்தில் பாதி உடம்பிலிருந்து போக ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள். ஐந்து அரை ஆயுள் காலத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் மறுபடி அடியிலிருந்து, அதாவது ஒருநாள் விட்டு ஒருநாள் 25-இலிருந்து தொடங்க வேண்டும் என்பதே விதி. உடம்பு அதை மறந்துவிட்டது, மறுபடி அறிமுகம் செய்ய வேண்டும். நானும் ஒருமுறை விட்டுவிட்டு, விட்டதைப் பிடிக்கிறேன் பேர்வழி என்று நேராக 100 போடப் பார்த்தேன். மாத்திரை நாக்கில் இருக்கும்போது மனைவி துப்பச் சொன்னாள்.

மார்ச் 19, பின்னிரவு
“ஐந்து அரை ஆயுள் என்றால் எத்தனை நாள்?” வால்புரோயேட்டோடு என்றால் பத்து நாளுக்கும் மேல் போகலாம், கார்பமாசெபைனோடு என்றால் மூன்று நாளே வரலாம். ஆள் ஆளுக்கு மாறுவதால் கணக்குப் போட்டு நீங்களே முடிவெடுக்காதீர்கள். டாக்டரிடம் ஆறு நாள் என்பதைச் சொல்லிவிட்டு அவர் சொல்வதைச் செய்யுங்கள். இதற்குள் வலிப்பு வந்து விழுந்தால்: ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது, வாயில் எதையும் வைக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

ஏப்ரல் 2
ஆறு நாள்தான் ஆனாலும் டாக்டர் அடியிலிருந்து தொடங்கச் சொன்னாரா? நல்லது. இரண்டு மாத உழைப்பு போயிற்று என்று தம்பி நொந்துகொள்கிறார் என்றால் நியாயம்தான்.

ஏப்ரல் 15
கடைவாய்ப் பல் பிடுங்கப் போனேன். “வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா?” “வலிப்புக்கு.” “என்ன பெயர்?” கன்னம் வீங்கி, தூக்கமில்லாமல் இருக்கிறவனுக்கு லாமோட்ரிஜின் என்று வாயில் வருமா? “லாமோ... லாமோ...” என்றேன். அவர் எழுதிக்கொண்ட பெயர் முற்றிலும் வேறு ஏதோ ஒரு மாத்திரை. லாமிவுடின் என்று ஒன்று இருக்கிறது, எச்ஐவிக்குக் கொடுப்பது. இரண்டு பெயரும் குழம்புவது பல இடங்களில் நடந்திருக்கிறது.

இப்போது பர்ஸில் ஒரு துண்டுச் சீட்டு: மருந்தின் பெயர், அளவு, எந்த நேரம். ஆன்டிபயாடிக் எழுதும் முன் அதைக் காட்டுகிறேன். மெரோபெனம் வகை ஊசிகள் வால்புரோயேட்டின் அளவைச் சரசரவென்று கீழே இறக்கிவிடும். கிளாரித்ரோமைசின் கார்பமாசெபைனை ஏற்றிவிடும், தலை சுற்றி எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். ஆஸ்பத்திரியில் வேறு நோய்க்குப் படுக்கும்போது இதைச் சொல்ல வேண்டியது நம் வேலை.

மே 11
வங்கியில் என் கையெழுத்தை ஏற்க மறுத்துவிட்டார்கள். என் கையெழுத்து என்னுடையது போல இல்லையாம். கவுன்டருக்கு அப்பால் இருந்தவர் பழைய அட்டையையும் புதிய சீட்டையும் அருகருகே வைத்துக் காட்டினார். பழையதில் கடைசிச் சுழி வழுக்கிக்கொண்டு போகிறது. புதியதில் அது ரம்பப்பல். நான்காவது முயற்சியில், இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போட்டது தேறியது.

கை நடுக்கம் வால்புரோயேட்டின் பழைய வேலை, லாமோட்ரிஜினும் சேர்ந்தால் கூடும். எனக்கு மெல்ல மெல்ல வந்ததால் வயதாகிறது என்றே விட்டிருந்தேன். டாக்டரிடம் சொன்னேன். “சேர்த்தோம், நின்றது. அப்புறம் எதைக் குறைப்பது என்று நாம் பேசவே இல்லையே” என்றார். நான்கு வருடமாக. அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வலிப்பு இல்லையே, கை வைப்பானேன் என்று இருவருக்கும் பயம்.

அடுத்த மாதத்திலிருந்து வால்புரோயேட்டைக் குறைக்கிறோம். ஒரு நாளைக்கு 1000-இலிருந்து 800, பிறகு பார்ப்பது.

ஜூன் 8
பெண்கள் இருவர் கேட்டதற்கு. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை லாமோட்ரிஜினின் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும். தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் வலிப்பு டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்திலும் அளவு இறங்கும், ரத்தப் பரிசோதனை செய்து கூட்டுவார்கள். வால்புரோயேட் விஷயம் இன்னும் கடுமை. கர்ப்பத்தில் சாப்பிட்டால் 100 குழந்தைகளில் 10 பேருக்குப் பிறவிக் குறை, 30 முதல் 40 பேருக்கு வளர்ச்சியில் பின்னடைவு. அதனால் பேச்சு கர்ப்பத்துக்கு முன்னாலேயே நடக்க வேண்டும். தெரிந்தவுடன் பயந்து நிறுத்துவதும் ஆபத்து.

ஜூலை 21
இன்று காலை பல் தேய்க்கும்போது பிரஷ் பறந்தது. கை வெடுக்கென்று ஒரு வெட்டு, பிரஷ் கண்ணாடியில் பட்டுத் தொட்டிக்குள் விழுந்தது. பதினைந்து வயதில் எனக்கு நோய் தொடங்கியதே இப்படித்தான். நான்கு வருடமாக மறந்திருந்த விஷயம்.

வால்புரோயேட் 500-க்கு வந்து பத்து நாள். வால்புரோயேட் குறைந்ததால்தான் வெட்டு வந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை 24
பாதிதான் சரி. காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் லாமோட்ரிஜினும் பழைய அளவிலிருந்து நன்றாக இறங்கியிருக்கிறது. நான் ஒரு வேளைகூட விடவில்லை, அட்டைகளில் தேதி சாட்சி. ஜனவரியில் உங்களுக்கு நானே எழுதியதுதான்: வாசலில் காலை நீட்டிக்கொண்டு ஒருவர். அவர் எழுந்து போனால் உள்ளே இருந்தவரும் போய்விடுவார். ஒரு மாத்திரையைக் குறைத்தேன், இரண்டு குறைந்துவிட்டது. சேர்க்கும்போது அத்தனை விளக்கம் சொன்னவனுக்கு, எடுக்கும்போது அதே கணக்கு தலைகீழாக வரும் என்று தோன்றவில்லை. டாக்டர் சொல்லியிருந்தார் என்கிறாள் மனைவி. நோட்டிலும் இருக்கிறது.

இப்போது லாமோட்ரிஜின் 100-இலிருந்து 150, மெதுவாக. வால்புரோயேட் 500-இலேயே நிற்கட்டும் என்று முடிவு. என் வகைக்கு லாமோட்ரிஜினே வெட்டுகளைக் கூட்டும் சந்தர்ப்பமும் உண்டாம், அதனால் அவசரப்படாமல் பார்க்கிறோம். அதுவரை வண்டி ஓட்டுவதில்லை, குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை.

ஆகஸ்ட் 30
வெட்டு இல்லை, ஐந்து வாரம். கையெழுத்தின் சுழி பாதி திரும்பியிருக்கிறது.

உங்கள் தம்பி 100-க்கு வந்து மூன்று மாதம் சும்மா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை போகும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வியைச் சீட்டின் பின்னால் எழுதிக்கொள்ளுங்கள்: “இரண்டும் எத்தனை காலம்? குறைப்பதென்றால் எது முதலில், அப்போது மற்றதை என்ன செய்வது?” அவர் இப்போது வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை, தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள். நான் அதைக் கேட்க நான்கு வருடமும் ஒரு வங்கி ஊழியரும் தேவைப்பட்டார்கள்.